சீறுவது வாயில், கோளாறு சிலிண்டர் பக்கம்

கேள்வி: கடற்படையில் இருந்த மாமாவின் பழைய ஸ்கூபா ரெகுலேட்டர் (தண்ணீருக்கடியில் மூச்சுவிட சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) பரணில் கிடந்தது. 'ஸ்கூபாப்ரோ' என்ற எழுத்து மட்டும் தெரிகிறது. என்ன மாடல்? வீட்டிலேயே சர்வீஸ் பண்ணலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சிலிண்டரில் மாட்டும் பித்தளைப் பகுதியை, அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜை, முதலில் பாருங்கள். உடலின் பக்கவாட்டில் சுற்றிலும் துளைகள் இருந்தால் பிஸ்டன் வகை. ஒரு முனையில் ஸ்பிரிங்கும் அதை இறுக்கும் திருகும் தெரிந்தால் டயாஃப்ரம் (சவ்வு) வகை. ஸ்கூபாப்ரோவில் ஹோஸ்கள் மாட்டிய தலை சுழன்றால் மார்க் 5 ஆக இருக்கலாம். சுழலாத, சின்ன, எளிய உடல் என்றால் மார்க் 2 பக்கம் தேடுங்கள்.

பிரஷர் கேஜ் மாட்டும் மரையையும் அளந்துவிடுங்கள். பழையவற்றில் 3/8 அங்குலம், இன்றைய ஹோஸ்களில் 7/16. அடாப்டர் இல்லாமல் சேராது. கேஜுக்கு வழியே இல்லாத பழைய ரெகுலேட்டரை ஷோகேஸில் வையுங்கள், தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காற்று நுழையும் இடத்திலுள்ள சிறு ஃபில்டர் பச்சையாக இருந்தால் உள்ளே கடல்நீர் போயிருக்கிறது. செந்நிறம் என்றால் இரும்பு சிலிண்டரின் துரு. இரண்டில் எது இருந்தாலும் முழுதாகப் பிரித்தாக வேண்டும். ஆனால் அந்த மாடலுக்கான சர்வீஸ் கிட் (மாற்ற வேண்டிய உதிரிபாகங்களின் தொகுப்பு) கையில் வரும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள். பிரித்துப் போட்டபின் சீட் (காற்றை அடைக்கும் சிறு துண்டு) கிடைக்காமல் பெட்டியில் உறங்கும் நல்ல ரெகுலேட்டர்கள் ஏராளம்.

டயாஃப்ரம் வகையில் ஸ்பிரிங் திருகைத் தளர்த்திவிட்டே மற்றதைக் கழற்றுங்கள். ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) எடுக்கப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஊசிதான். எஃகு ஊசி பள்ளத்தில் கீறினால் புது ரிங்கும் கசியும். பிஸ்டன் முனையின் கூர் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் இருந்தாலும் அங்கே எந்த சீட்டும் நிற்காது.

குரோம் பூசிய பித்தளையை வெதுவெதுப்பான நீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்ததில் 10 நிமிடம் ஊறவையுங்கள். அதற்கு மேல் போனால் குரோம் உரியத் தொடங்கும். ரப்பரும் அலுமினியமும் அதில் விழவே கூடாது. சேலம் போர் தண்ணீரில் அலசினால் வெள்ளைப் படிவு நிற்கும். கடைசி அலசலுக்கு பேட்டரி கடை டிஸ்டில்டு வாட்டர் போதும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ், பளபளப்பு தெரியும் அளவு மட்டும். வாஸ்லின், தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

கேள்வி: கிட் மாற்றிய பிறகும் வாய்ப்பகுதியில் 'உஸ்' சத்தம். உள்ளே வால்வைத் திறக்கும் லீவரைச் சரிசெய்தால் நின்று, சிறிது நேரத்தில் மீண்டும் வருகிறது.
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: லீவரை விட்டுவிடுங்கள். பெரும்பாலான செகண்ட் ஸ்டேஜ்களில், அதாவது வாய்ப்பகுதிகளில், வால்வு காற்று ஓடும் திசையிலேயே திறக்கும். உள்ளே வரும் அழுத்தம் ஏறினால் அதைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும். ஸ்பிரிங்கை இறுக்கினால் சத்தம் அடங்கும், மூச்சு இழுக்கக் கனக்கும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும்.

லோ பிரஷர் ஹோஸில் ஒரு கேஜ் மாட்டி, வாய்ப்பகுதியில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை ஐந்தாறு முறை அழுத்துங்கள். பொதுவாக 125 முதல் 145 பி.எஸ்.ஐ.க்குள் வந்து அசையாமல் நிற்க வேண்டும். சரியான எண் உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் முள் ஏறினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சீட்டோ அது உட்காரும் விளிம்போதான் காரணம். முள் நின்றும் சத்தம் வந்தால் மட்டுமே செகண்ட் ஸ்டேஜ் சீட்டைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை: சிலிண்டர் இல்லாமல், நுழைவாயிலை மூடியால் அடைத்து வாயால் உறிஞ்சுங்கள். காற்று வந்தால் வாய்ப்பகுதியின் டயாஃப்ரமில் ஓட்டை, அல்லது வெளியேற்றும் வால்வின் இதழ் மடங்கியிருக்கிறது. அப்படியே இறங்கினால் அந்த வழியாகத் தண்ணீர் வரும்.

கேள்வி: நிரப்பிய சிலிண்டர் இங்கே கிடைக்காது. வெல்டிங் ஆக்சிஜனில் சோதிக்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: கூடவே கூடாது. உள்ளே மிச்சமுள்ள எண்ணெயும் கிரீஸும் அழுத்த ஆக்சிஜனில் தீப்பிடிக்கும். ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸர் காற்றில் செகண்ட் ஸ்டேஜ் கசிகிறதா என்று மட்டும் பார்க்கலாம். அதில் எண்ணெய் ஆவி இருக்கும் என்பதால் வாயில் வைக்காதீர்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜைப் புதுச்சேரி போன்ற கடலோர டைவிங் மையத்தில், அங்கே நிரப்பிய சிலிண்டரில் மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே தண்ணீரில் இறங்குங்கள்.