வாக்கி-டாக்கியைக் கணினியில் புரோகிராம் செய்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழுவுக்காக பாவ்ஃபெங் பிஎஃப்-888எஸ் செட் ஆறு வாங்கினோம். திரையும் இல்லை, எண் பொத்தான்களும் இல்லை. சேனல்களின் அலைவரிசையை எப்படி மாற்றுவது?

பதில்: செட்டை மட்டும் வைத்துக்கொண்டு மாற்ற வழியில்லை. மேலே இருக்கும் குமிழைத் திருகினால் 16 சேனல்களில் ஏதாவது ஒன்றுக்குப் போகலாம், அவ்வளவுதான். எந்தச் சேனலில் எந்த அலைவரிசை என்பதைக் கணினி வழியாகத்தான் எழுத வேண்டும். அதற்கு ஒரு புரோகிராமிங் கேபிளும் ஒரு மென்பொருளும் வேண்டும். பெரும்பாலும் கேபிளைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆறு செட்டுக்கும் ஒன்று போதும்.

பெட்டியிலிருந்து எடுத்ததுமே பேச ஆரம்பித்துவிடாதீர்கள். உள்ளே ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருக்கும் அலைவரிசைகள் உங்கள் நாட்டில் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டவையாக இருக்கலாம். முதலில் உங்களுக்கு எதில் பேச அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அதை மட்டும் எழுதி, மீதிச் சேனல்களைக் காலியாக விட்டுவிடுங்கள். குழுவில் யாராவது குமிழைத் தெரியாமல் திருப்பிவிட்டாலும் தப்பான இடத்தில் போய்ப் பேச மாட்டார்கள்.

கேள்வி: கேபிளும் வாங்கிவிட்டேன், சிர்ப் மென்பொருளையும் போட்டுவிட்டேன். ஆனால் ‘ரேடியோ பதில் தரவில்லை’ என்ற பிழையே திரும்பத் திரும்ப வருகிறது. செட் பழுதா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். இந்தப் பிழை வந்தால் செட்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான். முதல் சந்தேகம் கேபிள்மேல். அது வெறும் கம்பி இல்லை. யூஎஸ்பி முனையின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. கணினியின் யூஎஸ்பி பேச்சை, செட்டுக்குப் புரியும் பழைய சீரியல் பேச்சாக மாற்றுவது அதுதான். எஃப்டிடிஐ, புரோலிஃபிக், சிஎச்340, சிபி2102 என்று பல வகை உண்டு. மலிவான கேபிள்களில் புரோலிஃபிக் சிப்பின் போலியோ, உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய வகையோ இருப்பது சகஜம். புரோலிஃபிக் நிறுவனத்தின் புதிய டிரைவர் (சிப்போடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள்) இரண்டையும் ஏற்காது.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘போர்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, ‘2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தாலோ, நோய் இதுதான். பழைய டிரைவரை நிறுவி, பட்டியலிலிருந்து அதைக் கையால் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட் புதிய டிரைவரை மறுபடி கொண்டுவந்து உட்கார வைத்துவிடலாம். 2014-இல் எஃப்டிடிஐ சிப்பைச் செய்யும் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலி சிப்பின் அடையாள எண்ணையே அழித்து, அதைக் கணினிக்குத் தெரியாதபடி ஆக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தெரியாமல் வாங்கியவருக்குத்தான் நட்டம்.

ஆகவே கேபிள் வாங்கும்போது ‘இந்த மாடலுக்குப் பொருந்துமா’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘உள்ளே எந்த சிப்’ என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. நல்ல எஃப்டிடிஐ கேபிளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. செட்டில் மிச்சம் பிடியுங்கள், கேபிளில் வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் கேபிள் ஒழுங்காகத் தெரிகிறது, ஒரு காம் எண்ணும் (கேபிளுக்குக் கணினி கொடுக்கும் ‘COM3’ போன்ற போர்ட் பெயர்) வந்திருக்கிறது என்றால் அடுத்தது செட் பக்கத்து முனை. இரண்டு குச்சி கொண்ட அந்த பிளக் முழுசாக உள்ளே போக வேண்டும். பல செட்களில் உடம்பின் பிளாஸ்டிக் விளிம்பு இடித்து, ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். பார்வைக்குப் போய்விட்ட மாதிரியே இருக்கும். கடைசியில் ஒரு ‘டக்’ உணரும் வரை அழுத்துங்கள். செருகியவுடனே சிவப்பு விளக்கு எரிந்து செட் தானாக ஒலிபரப்ப ஆரம்பித்தால், பிளக் பாதியில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இடிக்கும் பிளக் ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவிவிடுகிறவர்களும் உண்டு. திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். செட் ஆன் ஆகியிருக்க வேண்டும், பேட்டரி நிறைய இருக்க வேண்டும், சார்ஜர் தொட்டிலில் இருக்கக் கூடாது. மென்பொருளில் மாடல் பெயரும் காம் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். கேபிளை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் காம் எண்ணும் மாறிவிடலாம். லினக்ஸ் என்றால், உங்கள் பயனர் கணக்கு ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும், அதே கேபிள் வேறொரு செட்டில் வேலை செய்து உங்கள் செட்டில் மட்டும் செய்யவில்லை என்றால், அப்போது திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: என் செட்டிலேயே யூஎஸ்பி-சி துளை இருக்கிறது. போன் கேபிளைப் போட்டால் போதாதா?

பதில்: பல செட்களில் அது சார்ஜ் ஏற்ற மட்டும்தான். குவான்ஷெங் யூவி-கே5-இன் முந்தைய வகைகள் ஓர் உதாரணம்: சார்ஜ் யூஎஸ்பி-சி வழியாக, புரோகிராமிங் பக்கவாட்டில் இருக்கும் இரட்டைக் குச்சித் துளை வழியாக. விளம்பரத்தில் ‘யூஎஸ்பி-சி’ என்று இருப்பதை நம்பி கேபிளைத் தவிர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: தயாரிப்பாளர் தரும் மென்பொருளா, சிர்ப்பா?

பதில்: உங்கள் மாடலை சிர்ப் ஆதரிக்கிறது என்றால் சிர்ப்தான் என் தேர்வு. இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வெவ்வேறு பிராண்டு செட் வைத்திருப்பவருக்கு ஒரே திரை. அட்டவணையாகத் தெரியும் சேனல் பட்டியலை ஒரு செட்டின் கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்து ஒட்டலாம். தயாரிப்பாளர் மென்பொருளில் சில சமயம் சிர்ப்பில் இல்லாத அமைப்புகள் இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக அதையும் வைத்துக்கொள்ளலாம்.

எதைப் பயன்படுத்தினாலும் ஒரு வரிசை மாறக் கூடாது: முதலில் செட்டில் இருப்பதைக் கணினிக்குப் படித்தெடுங்கள், வந்ததை அப்படியே ஒரு கோப்பாகச் சேமியுங்கள், பிறகு அதன் நகலில் மாற்றம் செய்து எழுதுங்கள். இன்னொருவர் அனுப்பிய கோப்பை நேராக உங்கள் செட்டில் ஏற்றாதீர்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் (செட்டை இயக்கும் மென்பொருள்) வேறாக இருக்கலாம். அவருடைய கோப்பிலிருந்து சேனல் வரிசைகளை மட்டும் எடுத்து உங்கள் கோப்பில் ஒட்டுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் முதலில் சேமித்த கோப்பு கைகொடுக்கும்.

கேள்வி: நண்பர் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசினால் அவருக்குக் கேட்கவில்லை. அலைவரிசை இருவருக்கும் ஒன்றுதான். அவருடையது வேறு பிராண்டு.

பதில்: பெரும்பாலும் டோன் தகராறு. அவருடைய செட் ஒரு குறிப்பிட்ட டோனை, அதாவது பேச்சோடு சேர்ந்து வரும் ஒரு தாழ்ந்த ஒலியைக் கேட்டால்தான் வாயைத் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அந்த டோனை அனுப்பவில்லை. இந்த சிடிசிஎஸ்எஸ் டோன்கள் 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். பேச்சுக்கு அடியில் தாழ்வாக ஓடுவதால் காதில் விழாது.

இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். முதலாவது, கடை செட்களில் ‘கோடு 8’ என்று எண் போட்டிருப்பார்கள். பல பிராண்டுகளில் அது 88.5 ஹெர்ட்ஸ், ஆனால் எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று உறுதியில்லை. நண்பரின் கையேட்டில் ஹெர்ட்ஸ் கணக்கைப் பார்த்து அதையே போடுங்கள். இரண்டாவது, சிர்ப்பின் அட்டவணையில் ‘டோன்’ என்று ஒரு பத்தி (நெடுவரிசை), ‘டோன்ஸ்குவெல்ச்’ என்று இன்னொரு பத்தி. இரண்டுக்கும் முன்கூட்டியே இருக்கும் எண் 88.5. டோன் முறையை ‘டிஎஸ்கியூஎல்’ (டோனை அனுப்பவும் செய்து, அதே டோன் வந்தால் மட்டும் கேட்கவும் செய்யும் முறை) என்று வைத்துவிட்டு எண்ணை முதல் பத்தியில் மட்டும் மாற்றினால், செட் பழைய 88.5-ஐயே அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் நீங்கள் போட்ட எண்ணும் தெரிந்தால் சந்தேகமே வராது.

அட்டைப்பெட்டியில் இதையே ‘பிரைவசி கோடு’ என்று போட்டு விற்கிறார்கள். ரகசியம் எதுவும் கிடையாது. டோனை அணைத்துவிட்டு அதே அலைவரிசையில் காத்திருக்கும் எவருக்கும் உங்கள் பேச்சு முழுசாகக் கேட்கும்.

கேள்வி: சில அலைவரிசைகளைக் கேட்க மட்டும் ஆசை. தவறிப்போய் பட்டனை அழுத்திவிட்டால்?

பதில்: சிர்ப்பில் அந்தச் சேனலின் ‘டூப்ளெக்ஸ்’ பத்தியில் ‘ஆஃப்’ என்று வையுங்கள். பட்டனை அழுத்தினாலும் ஒலிபரப்பாது. கேட்பதற்கே சட்டம் இடம் தருகிறதா என்பது நாட்டுக்கு நாடு வேறு, அதைத் தனியாகப் பாருங்கள்.

செட்டில் ஓர் அலைவரிசையை எழுத முடிகிறது என்பதாலேயே அதில் பேச உரிமை வந்துவிடாது. ஐரோப்பாவின் உரிமம் தேவைப்படாத பிஎம்ஆர்446 சேனல்களுக்கு அரை வாட் வரம்பும், கழற்ற முடியாத ஆண்டெனாவும் விதி. நான்கைந்து வாட் தரும், ஆண்டெனாவைக் கழற்றி மாட்டக்கூடிய பாவ்ஃபெங் யூவி-5ஆர் செட்டில் அதே எண்களை எழுதிப் பேசினால் விதிமீறல்தான்.

கேள்வி: டிஜிட்டலுக்கு மாறி டிஎம்ஆர் செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். புரோகிராம் செய்வது கஷ்டமா?

பதில்: கஷ்டம் இல்லை, வேலை அதிகம். டிஎம்ஆர் என்பது டிஜிட்டல் வாக்கி-டாக்கிகளுக்கான ஒரு தரநிலை, அதில் அலைவரிசையோடு முடியாது. கலர் கோடு 0 முதல் 15 வரை ஒன்று, ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிடும் இரண்டு டைம் ஸ்லாட்டில் ஒன்று, டாக் குரூப் (யாரோடு பேசுகிறீர்கள் என்பதற்கான குழு எண்), உங்கள் ஐடி எண் எல்லாம் சேர்ந்துதான் ஒரு சேனல். ஒரே ரிப்பீட்டரில் (உங்கள் ஒலியை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையத்தில்) நான்கு டாக் குரூப் வேண்டுமென்றால் பொதுவாக நான்கு சேனல் எழுத வேண்டும். இந்த முழுத் தொகுப்பையும் ‘கோட்பிளக்’ என்பார்கள். பெரும்பாலும் அந்தந்தத் தயாரிப்பாளரின் மென்பொருளில்தான் செய்ய வேண்டும்.

அதனால் செட்டுக்குப் பணம் கொடுக்கும் முன்பே அந்த மென்பொருளை இறக்கித் திறந்து பாருங்கள். பலவும் செட் இல்லாமலேயே திறக்கும். உங்கள் கணினியில் ஓடவில்லை, மெனு புரியவில்லை, பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். பெரிய நிறுவனங்களின் தொழில்முறை செட்களைப் பழையதாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: செட் மலிவாக வந்துவிடும், மென்பொருள் கைக்கு வராது.

உங்கள் பகுதியில் அதே மாடல் வைத்திருப்பவரிடம் கோட்பிளக் வாங்கினால் பாதி வேலை மிச்சம். ஆனால் செட்டில் ஏற்றும் முன் அதிலுள்ள அவருடைய ஐடி எண்ணை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் திரையில் அவர் பெயர்தான் வரும்.