ஷார்ப் அகச்சிவப்பு சென்சார் மிக அருகில் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

ரோபோவில் வைத்த சென்சாரிடம் கையை ஒட்டினாற்போல் கொண்டுபோனால் தூரம் குறையாமல் கூடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சென்சார் கெட்டுப்போகவில்லை. 10 முதல் 80 செ.மீ. வரை தூரம் அளக்கும் ஷார்ப் நிறுவனத்தின் இந்தச் சென்சார், தன் எல்இடி விடும் அகச்சிவப்பு ஒளி பொருளில் பட்டுத் திரும்பி உள்ளே எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்தே தூரத்தைக் கணிக்கிறது. பொருள் நெருங்க நெருங்க சென்சார் தரும் வோல்டேஜ் ஏறும்; 10 செ.மீ.க்குள் ஓர் உச்சத்தைத் தொட்டு மடமடவென்று இறங்கிவிடும். ஆக, ஒரே வோல்டேஜுக்கு இரண்டு தூரம்! ஒற்றை அளவை வைத்துக்கொண்டு எந்த புரோகிராமாலும் இதைப் பிரித்தறிய முடியாது. சென்சாரை ரோபோவின் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளிப் பொருத்துங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், அளவு குதித்துக்கொண்டே இருந்தால் சென்சாரின் பவர், கிரவுண்டு வயர்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். எல்இடி விட்டுவிட்டுக் கரண்ட் இழுப்பதால் வரும் தொல்லை அது.