கடலோர நட்சத்திர விடுதியில் தங்கப் போகும் மதுரைக்காரர்களுக்கு: கேள்வி பதில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நட்சத்திர விடுதிகளின் வரவேற்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, இப்போது மதுரையில் பயண ஏற்பாடுகளைக் கவனித்து வருகிறேன். சென்னையை ஒட்டிய கடற்கரையில் இரண்டொரு நாள் வசதியாகத் தங்க விரும்பும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சிம்மக்கல், ஜவுளி வியாபாரி): ஒரே விடுதியில் ‘கார்டன் வியூ’ ஒன்பதாயிரம், ‘பார்ஷியல் சீ வியூ’ பதினோராயிரம், ‘சீ வியூ’ பதினாலாயிரம் என்று போட்டிருக்கிறார்கள். கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் இருக்கிறதா?

பதில்: ‘பார்ஷியல்’ என்ற வகைக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பால்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தாலும், அந்த அறை இந்த வகையில் சேர்ந்துவிடும். முழுக் கடற்பார்வை வேண்டுமென்றால் எந்தத் தளம், எந்தக் கட்டடம் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளின் காரணமாகக் கிழக்குக் கரையில் புதிய கட்டடங்கள் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) தள்ளியே நிற்கின்றன. ஆகவே தரைத்தளத்துக் குடில்களில் மணல்மேடும் சவுக்கும் தெரியுமே தவிர கடல் தெரியாது போகலாம். இரண்டாம் தளத்துச் சாதாரண அறை சில வேளைகளில் அதைவிட நல்ல காட்சியைத் தரும். நிலத்தின் அமைப்பே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. கேரளத்துக் கோவளத்தில் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காகச் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதி, குன்றின் சரிவையொட்டிப் படிப்படியாக இறங்குவதால் அறைகள் ஒன்றையொன்று மறைப்பதில்லை.

பகல் முழுவதும் மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் பார்த்துவிட்டு இரவில் உறங்க மட்டும் வருவீர்களானால், தோட்டம் பார்த்த அறையே போதும்.

கேள்வி (திருமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனால் விடியும் முன்பே இறங்கிவிடுவோம். அறையை அப்போதே கொடுப்பார்களா?

பதில்: பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள், ஐயா. மதுரையிலிருந்து போகிறவர்கள் பணத்தை வீணாக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடற்கரை விடுதிகளில் அறை கொடுக்கும் நேரம் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணி. காலி செய்யும் நேரம் முற்பகல் பதினொன்று அல்லது பன்னிரண்டு. ஓர் இரவுக்குப் பணம் கட்டினால் உங்கள் கைக்கு வருவது அதிகம் போனால் இருபத்திரண்டு மணி நேரம்தான். விடியற்காலையில் போய் நின்றால், முந்தைய இரவு அறை காலியாக இருந்திருந்தால் இரக்கப்பட்டுத் திறந்துவிடுவார்கள்; இல்லையென்றால் அரை நாள் வாடகை கேட்பார்கள், அல்லது வரவேற்பு மண்டபத்து நாற்காலியில் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான்.

காலையில் மதுரையிலிருந்து கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கிவிடுவதே மாமல்லபுரம் பக்கம் போவோருக்கு நான் சொல்லும் வழி. அங்கிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். சென்னை எழும்பூர் வரை போய், நகர நெரிசலில் திரும்பித் தெற்கே வர வேண்டியதில்லை. அறை கொடுக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வீர்கள். பாண்டியனில்தான் போக முடியும் என்றால், அறை தயாராகும் வரை பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு நீச்சல் குளத்தையும் உடை மாற்றும் அறையையும் பயன்படுத்தலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அறையைக் காலி செய்த பிறகு, திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்தாலும் இதே சலுகையைக் கேட்கலாம். கேட்பவர்களுக்குப் பெரும்பாலான விடுதிகள் மறுப்பதில்லை.

சனிக்கிழமை இரவைவிட ஞாயிறு இரவுக்கு வாடகை குறைவாக இருப்பது வழக்கம். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கேள்வி (தல்லாகுளம், கணக்கர்): அறை வாடகையில் ஜி.எஸ்.டி. எவ்வளவு? உணவகக் கட்டணத்தில் ‘சர்வீஸ் சார்ஜ்’ சேர்த்தால் கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை வாங்கினால் 5 விழுக்காடு, அதற்கு ஒரு ரூபாய் கூடினாலும் முழுத் தொகைக்கும் 18 விழுக்காடு. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ஆகும். நூறு ரூபாய் கூடுதல் வாடகை, கையிலிருந்து ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாயைக் கூடுதலாகப் பறிக்கிறது. கணக்கில் எடுக்கப்படுவது அட்டையில் அச்சிட்ட விலை அன்று, உண்மையில் உங்களிடம் வாங்கும் வாடகை. எனவே எல்லையை ஒட்டி விலை சொன்னால் நூறு, இருநூறு குறைக்கச் சொல்லிப் பேசிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை 7,500-க்கு மேல் கொடுத்திருந்த விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில், சாப்பாட்டுக்கும் 18 விழுக்காடு வரி வரும். ஏனைய உணவகங்களில் 5 விழுக்காடுதான்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் கூறுகிறது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னால் நீக்கித் தருவார்கள். நன்றாகப் பரிமாறிய பையனுக்கு உங்கள் கையால் ஏதேனும் கொடுப்பது வேறு கணக்கு.

கேள்வி (மேலூர், இல்லத்தரசி): நீச்சல் குளத்தில் சுடிதாரோடு இறங்க விட மாட்டார்கள் என்கிறார்களே? எனக்கும் என் மகளுக்கும் மற்ற உடைகள் பழக்கமில்லை.

பதில்: பருத்தி உடையோடு விட மாட்டார்கள் என்பது உண்மைதான், அம்மா, ஆண்களின் வேட்டி, லுங்கி, பனியன் ஆகியவற்றுக்கும் அதே தடை உண்டு. பருத்தி நூலின் துகள்கள் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் கரையும், நீரில் ஊறிக் கனத்த துப்பட்டா நீந்துகிறவரின் கையையும் காலையும் சுற்றிக்கொள்ளும். ஆனால் உடல் தெரியும் உடைதான் அணிய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. முழுக்கையும் கணுக்கால் வரை நீண்ட காலும் கொண்ட, நைலான் அல்லது லைக்ரா துணியில் தைத்த நீச்சல் உடைகள் கிடைக்கின்றன. தலையை மூடும் வகையும் உண்டு. ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். விடுதிக்குள் இருக்கும் கடையில் அதே உடைக்கு விலை கேட்டால், அடுத்த முறை மேலூரை விட்டுக் கிளம்பவே யோசிப்பீர்கள்.

கேள்வி (உசிலம்பட்டி, கல்லூரி மாணவர்): நாங்கள் எல்லோரும் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்கள். விடுதிக் கடற்கரையில் ‘குளிக்காதீர்’ என்ற பலகை வைத்திருக்கிறார்களாம். நீந்தத் தெரிந்தவர்களும் அஞ்ச வேண்டுமா?

பதில்: தம்பி, கடற்கரை விடுதிகளில் ஆபத்துக்கு உள்ளானவர்களில் நீந்தத் தெரியாதவர்களைவிட, தெரியும் என்று நம்பியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கிணற்று நீர் உங்களை எங்கும் இழுத்துச் செல்லாது. கடலிலோ, அலைகள் கரையில் கொண்டு வந்து குவிக்கும் நீர் திரும்பிப் போவதற்கு ஒரு குறுகிய பாதையைத் தேடிக்கொள்கிறது. அந்தப் பாதையில் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தோன்றும் என்பதால், புதிதாக வருகிறவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று எண்ணி இறங்குகிறார்கள். உள்ளே இழுபட்டதும் கரையை நோக்கி முழு வேகத்தில் நீந்துவார்கள். எந்த நீச்சல்காரராலும் அந்த ஓட்டத்தை நெடுநேரம் எதிர்க்க முடியாது, சில நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும். செய்ய வேண்டியது, பதறாமல் மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தைவிட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்புவது. நண்பன் இழுபடுவதைக் கண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது அவனை நோக்கி வீசிவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் கடல் பொங்குவதுண்டு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் வீசிய புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. கேரளத்திலும் குமரிக் கரையிலும் இதைக் கள்ளக்கடல் என்பார்கள்; ஏப்ரல், மே மாதங்களில் மிகுதி. 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் உயிரிழந்தது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் பாருங்கள். உயிர்காப்பாளர் மாலையில் பணி முடித்துப் போன பின்னும், மது அருந்திய பின்னும் முழங்கால் அளவு நீரில்கூட இறங்கக் கூடாது.

கேள்வி (வாடிப்பட்டி): பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் விடுமுறை. கத்திரி வெயிலுக்குக் கடற்கரை குளுமையாக இருக்குமா?

பதில்: வெப்பமானியில் மதுரையைவிடக் குறைவாகத் தெரிந்தாலும் உடம்புக்கு அப்படித் தோன்றாது. நம் ஊர் வெயில் காய்ந்த வெயில். வேர்வை உடனே உலர்ந்துவிடும். கடலோரத்தில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வேர்வை உலராமல் புழுக்கமாக நிற்கும். நிலம் சூடேறிய பின், நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும்தான் ஆறுதல். மேலைக்காற்று பலமாக வீசும் நாட்களில் அதுவும் தாமதமாகும். ஆகவே மே மாதத்தில் காலை எட்டு மணிக்குள் கடற்கரையை முடித்துக்கொண்டு, பகலில் அறையிலும் மாலையில் குளத்திலும் இருக்கும்படி திட்டமிடுங்கள். பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் குளிரூட்டி தானாக நின்றுவிடும் அமைப்பு பல விடுதிகளில் இருக்கிறது. குளிர்சாதனம் கெட்டுவிட்டதென்று வரவேற்பு மேசைக்கு வரும் புகார்களில் பாதிக்கு அந்தக் கதவே காரணம்.

சனவரி தொடங்கி மார்ச் தொடக்கம் வரைதான் கிழக்குக் கரைக்கு நல்ல காலம். பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் அந்த மாதங்களில்தான். இரவில் கரையில் விளக்கடித்து அவற்றைக் கலைக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த மாதங்களில் ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதென்று, ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை அறையை எடுக்க வேண்டாம்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): ‘தனியார் கடற்கரை’ என்று விளம்பரம் செய்யும் விடுதிக்குப் போனோம். காலையில் ஊர் மீனவர்கள் அங்கேயே வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். புகார் செய்யலாமா?

பதில்: செய்வதற்கு இடமில்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, விடுதிக்காரர் வேலி போட்டுக்கொண்டாலும் அது மக்கள் கடற்கரைக்குப் போகும் வழியை மறிக்கக் கூடாது. விளம்பரத்தில் சொல்லப்படுவது, விடுதியின் நிலம் கடற்கரையைத் தொடுகிறது, பொதுச் சாலையைக் கடக்காமல் மணலில் இறங்கலாம் என்பது மட்டுமே. தவிரவும், கரைவலை இழுப்பதைக் காண்பது அந்தக் காலைப் பொழுதில் கிடைக்கும் அரிய காட்சி. தலைமுறைகளாக அங்கே தொழில் செய்கிறவர்களுக்கு நாம்தான் விருந்தாளிகள். அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி (ஒத்தக்கடை): வயதான பெற்றோருக்கு முழங்கால் வலி. பரந்த இடத்தில் உள்ள விடுதி ஒத்துவருமா?

பதில்: முன்பதிவின்போதே உணவகத்துக்கு அருகில் தரைத்தள அறை வேண்டும் என்று எழுதுங்கள். பேட்டரி கார் கூப்பிட்டதும் வரும். ஆனால் சிற்றுண்டி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள்.

கேள்வி (அலங்காநல்லூர்): உள்ளே போகும்போதே வங்கி அட்டையைத் தேய்த்துப் பணம் பிடித்து வைக்கிறார்களாமே?

பதில்: கூடுதல் செலவுக்கான பிணைத்தொகை அது. கிரெடிட் கார்டில் தொகையை முடக்கி மட்டும் வைப்பார்கள். டெபிட் கார்டில் கணக்கிலிருந்தே பணம் போய்த் திரும்பிவரச் சில நாட்கள் ஆகும். அடையாளத்துக்குப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். முகவரி இல்லாததால் பான் அட்டையை ஏற்பதில்லை.

கேள்வி (கே.புதூர்): மதுரையிலிருந்து கொழும்புக்கு நேராகப் பறந்துவிடலாம். சென்னைக் கடற்கரைக்குப் பதில் அங்கே தங்கலாமா?

பதில்: தங்கலாம், ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காலிமுகத் திடலை ஒட்டி 1864-இல் தொடங்கிய கால் ஃபேஸ் ஹோட்டலில் அமர்ந்து கடலில் சூரியன் மறைவதைப் பார்ப்பது, கிழக்குக் கரையில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத அனுபவம். கடலில் இறங்கிக் குளிப்பதற்கோ, விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பு அல்லது தெற்கே பெந்தோட்டை வரை போக வேண்டும். அந்தக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். விலையின் பின்னே இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் வரிகளும் தனி என்று பொருள். இங்கே மறுப்பது போல் அங்கே அதை மறுக்க முடியாது.

கேள்வி (பழங்காநத்தம்): கொடுத்த அறை பிடிக்கவில்லையென்றால் மாற்றித் தருவார்களா?

பதில்: பெட்டியைத் திறப்பதற்கு முன் சொன்னால் மாற்றித் தர முயல்வார்கள். உப்புக்காற்றுப் படும் கட்டடங்களில் ஈரவாடை, துருப்பிடித்த தாழ்ப்பாள், சரியாக மூடாத பால்கனிக் கதவு ஆகியவை இருக்கக்கூடும். அறைக்குள் நுழைந்ததும் இந்த மூன்றையும் பாருங்கள். குறை இருந்தால், பெட்டி தூக்கி வந்த பையனிடம் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், கீழே இறங்கிப் பணியில் உள்ள மேலாளரை நேரில் பாருங்கள். கட்டிலில் படுத்து எழுந்து குளியலறையையும் பயன்படுத்திய பிறகு சொன்னால், அந்த அறையை மறுபடி தூய்மைப்படுத்த வேண்டியிருப்பதால், காலி அறை இருந்தாலும் தயங்குவார்கள்.