கேபினுக்கு மேல் நீளும் கேம்பரை ஏற்றிய பிறகு சாட்டிலைட் ரேடியோ நின்றுபோகிறது, ஜிபிஎஸ் மட்டும் வேலை செய்கிறது. என்ன காரணம், என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கொலராடோவில் உங்கள் பிக்கப் ட்ரக்கின் பின்தொட்டியில், உள்ளே தங்கிச் செல்லும் அறைப்பெட்டியான ஒரு கேம்பரை ஏற்றியிருக்கிறீர்கள். அதன் படுக்கைப் பகுதி கேபின் கூரைக்கு மேலாக முன்கண்ணாடி வரை நீண்டிருக்கிறது. அது ஏறிய நாளிலிருந்து சிரியஸ்எக்ஸ்எம் என்ற சாட்டிலைட் ரேடியோ டென்வருக்குள் பாடுகிறது, ஊரைத் தாண்டினால் நின்றுவிடுகிறது, ஜிபிஎஸ் வரைபடமோ வழக்கம்போல் வழிகாட்டுகிறது. ஒரு கடையில் ரேடியோவையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் ரேடியோவில் எந்தக் கோளாறும் இல்லை. அதன் ஆன்டெனாவுக்கு வானம் தெரியவில்லை, அவ்வளவுதான். நானும் இப்படிப்பட்ட வண்டியில் யூட்டாவிலும் கொலராடோவிலும் சுற்றுபவன், தொழிலிலும் ரேடியோ அலைகளோடு பழகியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இப்போதைய பிக்கப்கள் பலவற்றில் கேபின் கூரையின் மேல் சுறாத் துடுப்பு வடிவில் ஒரு சிறிய மூடி இருக்கும். சாட்டிலைட் ரேடியோவுக்கான ஆன்டெனா அதற்குள் இருக்கிறது. பல வண்டிகளில் ஜிபிஎஸ் ஆன்டெனாவும் அதற்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். கேம்பர் ஏறியதும், கேபின் கூரைக்கும் கேம்பரின் அடித்தளத்துக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு, சில வண்டிகளில் அதற்கும் குறைவாகவே, இடைவெளி மிஞ்சுகிறது. கேம்பரின் அகலம் ஏழடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்தச் சந்துக்குள் இருக்கும் ஆன்டெனாவுக்குப் பக்கவாட்டில் தொடுவானத்திலிருந்து சுமார் பத்து டிகிரி உயரம் வரைதான் வானம் தெரியும். முன்பக்கம் அதைவிடக் குறைவு, பின்பக்கம் கேம்பரின் உடலே சுவர் போல நிற்கிறது.

சிரியஸ்எக்ஸ்எம் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், மேற்குத் தீர்க்கரேகை 85 டிகிரியையும் 115 டிகிரியையும் ஒட்டி, தரையிலிருந்து பார்க்கும்போது அசையாமல் நிற்பவை. டென்வரிலிருந்து பார்த்தால் அவை தெற்கு வானில் ஏறத்தாழ 40 டிகிரி உயரத்தில் இருக்கும். டல்லாஸில் இன்னும் சற்று மேலே தெரியும். சியாட்டில் போன்ற வடக்கு ஊர்களில் கிழக்குப் பக்கத்துச் செயற்கைக்கோள் 25 டிகிரி அளவுக்குத் தாழ்ந்துவிடும். பத்து டிகிரிக்கு மேல் எதையும் பார்க்க முடியாத ஆன்டெனா 40 டிகிரியில் இருப்பதைத் தேடுவது, தாழ்வாரத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு உச்சி வானத்து நிலவைத் தேடுவதைப் போன்றது. வண்டியை எந்தத் திசையில் திருப்பினாலும் கூரை ஆன்டெனாவுக்கு விடிவு இல்லை.

அப்படியானால் டென்வருக்குள் ஏன் பாடுகிறது? இந்த இடத்தில்தான் பலரும் குழம்பி, வயரில் தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து டாஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். உயரமான கட்டடங்கள் செயற்கைக்கோளை மறைக்கும் என்பதால், பெரிய நகரங்களில் அதே நிகழ்ச்சிகளைத் தரையிலிருந்தே திரும்ப ஒலிபரப்பும் கோபுரங்களை நிறுவியிருக்கிறார்கள். அந்த அலைகள் ஏறக்குறைய கிடைமட்டமாக வருவதால், நம்முடைய சந்துக்குள் தாராளமாக நுழைந்துவிடுகின்றன. நகர எல்லையைத் தாண்டியதும் கோபுரம் கைவிடுகிறது, செயற்கைக்கோளோ தொடக்கத்திலிருந்தே எட்டவில்லை. இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். பல ரேடியோக்களின் அமைப்புப் பட்டியலில் சிக்னல் அளவைக் காட்டும் பக்கத்தில் செயற்கைக்கோளுக்கு ஒரு பட்டையும் தரைக் கோபுரத்துக்கு ஒரு பட்டையும் தனித்தனியாக இருக்கும். நகருக்குள் நின்று அதைத் திறந்து பாருங்கள். தரைப் பட்டை நிறைந்தும் செயற்கைக்கோள் பட்டை காலியாகவும் இருந்தால், நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது. அதன்பின் எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் ரேடியோவுக்குச் செலவு செய்ய வேண்டிய அவசியமில்லை.

பாலத்துக்கு அடியில் போகும்போது பாட்டு நிற்பதில்லையே, கேம்பர் மட்டும் எப்படி நிறுத்துகிறது என்ற சந்தேகமும் வரலாம். ஒரே ஒலியைச் சில விநாடி இடைவெளி விட்டு இரண்டு முறை அனுப்பி, ஒன்று தவறினால் மற்றொன்றால் ஈடுகட்டும் ஏற்பாடு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. பாலம் விநாடிகளில் கடந்துபோகும் தடை. கேம்பர் நம்மோடு கூடவே வரும் தடை, அதற்கு இந்த ஏற்பாடு உதவாது.

ஜிபிஎஸ் பிழைத்துக்கொள்வதற்குக் காரணங்கள் வேறு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது அளவிலான செயற்கைக்கோள்கள் வானெங்கும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நான்கு கிடைத்தாலே இருப்பிடம் கணக்கிட்டுவிடலாம். இன்றைய கருவிகள் பலவும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய இதேபோன்ற அமைப்புகளையும் சேர்த்தே கேட்கின்றன என்பதால், தொடுவானத்தை ஒட்டிச் சில எப்போதும் அகப்படும். சாட்டிலைட் ரேடியோ ஒலியை இடைவிடாமல் கொட்டியாக வேண்டும். ஜிபிஎஸ் அனுப்பும் தகவலோ விநாடிக்கு வெறும் 50 பிட்டுகள், அதன் அடையாளக் குறியீடும் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே மிகவும் நலிந்த சிக்னலையும் பொறுமையாகக் கூட்டிச் சேர்த்துக் கருவி அடையாளம் கண்டுகொள்கிறது. போதாததற்கு, வண்டியோடு வரும் பல நேவிகேஷன் கருவிகள் சக்கர வேகத்தையும் திருப்பத்தையும் வைத்துச் சிக்னல் இல்லாத இடத்தையும் ஊகித்து ஓட்டிவிடும்.

எனினும் ஜிபிஎஸ் பாதிக்கப்படவே இல்லை என்று எண்ண வேண்டாம். தாழ்வான செயற்கைக்கோள்களை மட்டும் நம்பினால் துல்லியம் குறையும், எதிரொலித்து வரும் அலைகளும் ஏமாற்றும். நேரான நெடுஞ்சாலையில் இது தெரியவே தெரியாது. யூட்டாவின் மோவாப் அருகே கொலராடோ ஆற்றை ஒட்டிச் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே போகும் 128-ஆம் நெடுஞ்சாலையில், மேலே கேம்பரும் பக்கத்தில் பாறையும் மறைக்கும்போது அம்புக்குறி ஆற்றுக்குள் நகர்ந்துவிடுவதை என் திரையில் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட இடங்களில் கைப்பேசியைக் கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒட்டி, முடிந்தவரை முன்னால் தள்ளி வைப்பது பலன் தரும். மொபைல் இணைப்பும் அங்கே அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: உங்கள் வண்டியின் வரைபடத்தில் தெரியும் போக்குவரத்து நெரிசல், வானிலைத் தகவல்கள் சிரியஸ்எக்ஸ்எம் வழியாக வருபவையாக இருந்தால், ரேடியோ நின்றதும் அவையும் ஓசையின்றி நின்றுவிடும். பாட்டைவிட எனக்கு இந்த இழப்புதான் பெரிதாகப் படுகிறது, ஏனெனில் மலைப்பாதையில் பனிப்புயல் எச்சரிக்கை வரும் என்று நம்பி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

தீர்வு ஒன்றுதான்: சாட்டிலைட் ரேடியோவுக்குத் தனியாக ஓர் ஆன்டெனா வாங்கி, கேபினுக்கு மேல் நீளும் கேம்பரின் நெற்றிப் பகுதியின் மேல்கூரையில் வையுங்கள். விலையும் அதிகமில்லை. பானெட்டில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். தெற்கு நோக்கி ஓட்டும்போது அது ஓரளவு வேலை செய்யும். வடக்கு நோக்கித் திரும்பியதும் பின்னால் எழுந்து நிற்கும் கேம்பர் தெற்கு வானத்தை முழுவதுமாக மறைத்துவிடும். கேம்பர் கூரையிலும் ஏசி பெட்டியிலிருந்தும் சூரியத் தகடுகளிலிருந்தும் தள்ளியே வைக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ், ரப்பர், அலுமினியம் ஆகிய எந்தக் கூரையிலும் காந்தம் ஒட்டாது என்பதால், உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றைக் கூரைக்கான சீலன்ட் இட்டு ஒட்டி, அதன்மேல் ஆன்டெனாவை வையுங்கள். அந்த உலோகத் தளம் ஆன்டெனா சிக்னலைப் பிடிப்பதற்கும் உதவுகிறது. கேபிளை நெற்றியின் முன்பக்கமாக இறக்கி, சந்து வழியாகக் கேபினுக்குள் கொண்டுவரும்போது, உள்ளே நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ரேடியோவின் பின்னால் ஆன்டெனா இணைப்பான்கள் நிறத்தால் வேறுபடும். வாகனங்களில் வரும் ஃபக்ரா என்ற இணைப்பான் வகையில் ஜிபிஎஸ்ஸுக்கு நீலம், சாட்டிலைட் ரேடியோவுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு. கடையில் வாங்கும் ஆன்டெனாவின் முனை பெரும்பாலும் எஸ்எம்பி என்ற வேறொரு இணைப்பான் வகையில் இருக்கும் என்பதால் ஓர் அடாப்டர் தேவைப்படும். பழைய ஆன்டெனாவையும் புதியதையும் ஒரே கேபிளில் முறுக்கி இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டுக்குள்ளும் சிக்னலைப் பெருக்கும் சுற்று இருக்கிறது, அதற்கு ரேடியோவிலிருந்து கேபிள் வழியாகவே மின்சாரம் போகிறது, இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே கெட்டுப்போன மாதிரி நடந்துகொள்ளும். கேம்பரை இறக்கிவைக்கும் காலத்தில் பழைய இணைப்பானை மாட்டிக்கொள்ள வசதியாக, கையெட்டும் இடத்தில் ஒரு நீட்டிப்புக் கேபிளை விட்டுவைப்பது நல்லது.

ஜிபிஎஸ்ஸுக்கென்று, வெளியே பிடித்த சிக்னலைக் கேபினுக்குள் மறுபடி ஒலிபரப்பும் பெட்டிகள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் பொதுமக்கள் உரிமம் இல்லாமல் அவற்றை இயக்க அனுமதியில்லை, பக்கத்து வண்டியின் இருப்பிடத்தையும் அவை குழப்பக்கூடும். அவற்றை வாங்காதீர்கள்.

துளையோ பசையோ இடுவதற்கு முன்னால், ஆன்டெனாவை இரும்புத் தகட்டோடு சேர்த்து டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, நகருக்கு வெளியே திறந்த வெளி ஒன்றில் வண்டியை மெதுவாக நான்கு திசைக்கும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் அந்தச் செயற்கைக்கோள் பட்டையைப் பாருங்கள். எந்தத் திசையில் அது தாழ்கிறதோ, அந்தப் பக்கத்தில் ஏசி பெட்டியோ சூரியத் தகடோ மறைக்கிறது என்று பொருள். ஆன்டெனாவைச் சற்று நகர்த்தி வைத்து மறுபடி பார்த்துவிட்டுப் பிறகு சீலன்ட் பூசுங்கள்.