திறந்திருந்த கோப்பின் பெயரை மாற்றினேன், மூன்று பெயரைக் காணவில்லை

வெல்லாவெளிப் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் செயலாளர் கேட்டிருக்கிறார்: "அண்ணன், சங்கக் கணனியில் வேர்ட் இல்லை. கோழி வளர்ப்புக் கடனுக்கான பெயர்ப் பட்டியலை நோட்பேட்டில்தான் அடித்தேன். 38 பெயர். அது திறந்திருக்கும்போதே கோப்புறைக்குள் போய் 'வரைவு' என்றிருந்ததை 'இறுதி' என்று மாற்றினேன். மறுகா மூன்று பெயரைச் சேர்த்துச் சேமித்து, 'இறுதி'யைப் பென் டிரைவில் போட்டுப் பிரதேச செயலகத்தில் கொடுத்தேன். அங்கே திறந்தால் 38தான் இருக்கிறதாம். எங்கே பிழை?"

தங்கச்சி, அந்த மூன்று பெயரும் எங்கேயும் போகவில்லை. கோப்புறையைத் திறந்து பாருங்கள். இல்லாமல் போனதாக நீங்கள் நினைத்த 'வரைவு' திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். 41 பெயரும் அதற்குள்தான்.

நோட்பேட் ஒரு கோப்பைத் திறந்ததும் உள்ளே இருப்பதை முழுக்க நினைவகத்துக்கு எடுத்துக்கொண்டு கோப்பை விட்டுவிடுகிறது. அது ஞாபகம் வைத்திருப்பது கோப்பு இருந்த இடத்தையும் பெயரையும் மட்டும். கோப்புறையைப் பள்ளிக்கூட இடாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இடாப்பில் பெயரைத் திருத்தினீர்கள், பிள்ளை அதே பிள்ளைதான். நோட்பேட்டுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கன்ட்ரோல் எஸ் அழுத்தியதும் பழைய பெயரைத் தேடிக்கொண்டு வருகிறது. இடாப்பில் அப்படி ஒருவரும் இல்லை. சரி என்று புதிதாக ஒரு வரியைப் பதிந்துவிட்டுப் போகிறது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிழை என்றால் அந்தக் கேட்காமையைத்தான் சொல்வேன், உங்களை அல்ல.

வேர்டில் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. வேர்ட் கோப்பைப் பிடித்தபடியே இருக்கும், பெயரை மாற்றப் போனால் விண்டோஸ் விடாது. எரிச்சலூட்டும், ஆனாலும் இரட்டைக் கோப்பு உண்டாகாது.

பெயர் மாறினால் எடிட்டரே (நோட்பேட் போல எழுதித் திருத்தும் மென்பொருள்) கண்டுபிடித்துப் பின்னால் போகலாமே என்று கேட்பீர்கள். மேக் கணனியின் டெக்ஸ்ட்எடிட் அப்படித்தான் செய்கிறது, மேலே தலைப்பும் தானாக மாறிவிடும். விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கும் லினக்ஸ் இயங்குதளத்திலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்றொரு எண் உண்டு. பெயரை மட்டும் மாற்றினால் அந்த எண் மாறாது. அப்படியிருந்தும் பல எடிட்டர்கள் எண்ணை நம்பாமல் பெயரையே நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நிறைய மென்பொருட்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. பழையதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கும், அல்லது தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்த பிறகு இடம் மாற்றும். நடுவில் மின்சாரம் நின்றாலும் ஏதோ ஒன்று முழுதாக மிஞ்ச வேண்டும் என்பதற்காக. 2022இல் இலங்கையில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. இப்போது எண்ணை நம்பும் எடிட்டர் என்ன செய்யும்? ஒதுக்கி வைத்த பழைய பிரதியின் பின்னால் போய்விடும். நீங்கள் பெயரை மாற்றியதும் வேறொரு மென்பொருள் கவனமாகச் சேமித்ததும் அதன் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே என் கட்சி இது: எடிட்டர் தானாகப் பின்னால் போகவும் வேண்டாம், தானாகப் புதுக் கோப்பு உண்டாக்கவும் வேண்டாம். பழைய பெயரில் கோப்பு இல்லையென்றால் நிறுத்திக் கேட்கட்டும். நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற வேறொரு எடிட்டர் ஓரளவு அப்படித்தான். கோப்பைக் காணவில்லை, எடிட்டரில் வைத்திருக்கவா என்று கேட்கும். விஎஸ் கோட் என்ற எடிட்டர், கோப்பின் பெயர் தெரியும் மேல் தாவலில் (டேப்) பெயரின் குறுக்கே கோடு போட்டுக் காட்டும், கவனிக்காமல் சேமித்தால் அதுவும் பழைய பெயரில்தான் எழுதும். பெயர் மாற்றும் வேலையை எடிட்டருக்குள்ளேயே செய்வதுதான் நல்லது. நோட்பேட் பிளஸ் பிளஸில் தாவலில் வலது கிளிக் செய்தால் அதற்கான தெரிவு இருக்கிறது. விஎஸ் கோட்டில் இடப்பக்கப் பட்டியலில் எஃப்2. (1985இல் வந்த குனு ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டருக்கே இதை ஒரே கட்டளையில் செய்யும் வசதி 2023இல், 29ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன்.) நோட்பேட்டில் அந்த வசதி இல்லாவிட்டால், சேமித்து மூடிவிட்டு மாற்றுங்கள். 'சேவ் அஸ்' கொடுத்தால் புதுப் பெயரில் தொடரலாம், ஆனால் பழைய கோப்பும் அங்கேயே கிடக்கும்.

இப்போதைக்கு நோட்பேட்டை மூடுங்கள். கோப்புறையில் 'இறுதி'க்கு 'பழசு 38' என்று பெயர் வையுங்கள், அழிக்க வேண்டாம். 'வரைவு'க்கு 'இறுதி' என்று பெயரிட்டு, திறந்து 41 பெயரையும் எண்ணிப் பாருங்கள். செயலகத்திலும் 'இறுதி' என்ற பெயரில் ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது. அதனால் புதியதைக் கொடுக்கும்போது கோப்பின் பெயரிலேயே திகதியையும் சேர்த்துவிடுங்கள்.