1800 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெஃபர்சனும் பர்ரும் ஒரே கட்சிதானே, பிறகு ஏன் இருவருக்கும் போட்டி வந்தது?

சிக்கல் வாக்களிக்கும் முறையில்தான் இருந்தது. அன்று ஒவ்வொரு தேர்வாளருக்கும் (மாநிலங்களின் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போடுபவர்) இரண்டு ஓட்டு. எது அதிபருக்கு, எது துணை அதிபருக்கு என்று பிரித்துக் காட்ட வழியே இல்லை. அதிக ஓட்டு வாங்குபவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். கட்சிகள் வலுப்பெறும் முன் எழுதிய விதி அது. ஜெஃபர்சன் கட்சியினர் கட்டுப்பாட்டோடு ஓட்டுப் போட்டதில் அவருக்கும், துணை அதிபராக வர வேண்டிய ஆரன் பர்ருக்கும் தலா 73 விழுந்தது. அப்போது அதிபராக இருந்த, எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியின் ஜான் ஆடம்ஸுக்கு 65.

சரி, சமநிலை என்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்ய வேண்டும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அங்கே ஜெஃபர்சனை வெறுத்த ஃபெடரலிஸ்ட்கள் பலர் பர்ரை ஆதரித்தார்கள். பர்ரும் விலகவில்லை. என் பார்வையில் பெரிய தவறு அதுதான். 16 மாநிலங்களில் 9 தேவை; ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, மேரிலாந்தும் வெர்மான்ட்டும் உள்ளுக்குள் பிளவு. மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்சனைக் கடும் காய்ச்சலோடு பனியில் தூக்கி வந்தார்கள். அவர் வராவிட்டால் அந்த மாநிலம் பர்ர் பக்கம் போயிருக்கும். 1801 பிப்ரவரி 17 அன்று, 36-வது சுற்றில், டெலவேரின் ஒரே உறுப்பினர் ஜேம்ஸ் பேயார்ட் உள்ளிட்ட சில ஃபெடரலிஸ்ட்கள் ஒதுங்கியதால் ஜெஃபர்சன் 10 மாநிலங்களோடு வென்றார்.

அப்புறம் 1804-இல் வந்த 12-வது திருத்தம் இரண்டு ஓட்டுகளையும் தனித்தனியாக்கியது.