‘படம் எப்படி இருக்கு?’

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவோடு உப்பளப் பக்கம் போய்விடுவேன். எல்லாம் கருப்பு வெள்ளைதான். ஃபைன் ஆர்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஆசை அதில்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ‘செம’, ‘மாஸ்’, கூடவே கும்பிடு எமோஜி. மூத்தவர் ஒருவர் மட்டும் எந்தப் படத்தைப் போட்டாலும் ‘அடிவானம் நடுவில் வரக் கூடாது’ என்பார். சலோன் என்கிற புகைப்படப் போட்டிக் கண்காட்சிக்கு அனுப்பினால் நடுவர்கள் போட்ட எண்களின் கூட்டுத்தொகையும் ‘தேர்வாகவில்லை’ என்ற வரியும் வருகின்றன. ஏன் என்று தெரிவதில்லை. உருப்படியான கருத்தை யாரிடம், எப்படிக் கேட்பது? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போது என்ன சொல்வது? பன்னிரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். எப்படி இருக்கின்றன?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

‘எப்படி இருக்கு?’ என்றால் ‘நல்லா இருக்கு’ என்பதுதான் நம் ஊர் மரியாதை. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் வந்து நின்று விசாரிப்பவரிடம் ரசத்தில் உப்பு குறைச்சல் என்று யார் சொல்வார்கள்? உங்கள் குழுவினரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

சலோன் வேறு சமாச்சாரம். குவிந்து கிடக்கும் படங்களைத் திரையில் சில நொடிகள் பார்த்து எண் போடுகிறார்கள். சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பு தரும் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. மாதிரிப் பட்டங்களில் ஆசை இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். பாடம் கற்க அது இடமல்ல.

உருப்படியான கருத்து என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட். பள்ளியில் படிக்கும்போது, 1907 வாக்கில், ஆசிரியர் லூயிஸ் ஹைன் அவரையும் மற்ற மாணவர்களையும் நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘291’ காட்சிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். பின்னாளில் ஸ்ட்ராண்ட் தன் பிரிண்டுகளை அவ்வப்போது அங்கே கொண்டுபோய்க் காட்டினார். அன்றைய நாகரிகப்படி அவரிடமும் படத்தை மங்கலாக, மென்மையாகக் காட்டும் சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ்தான். ஸ்டீக்லிட்ஸ் சொன்னதன் சாரம் இது: இந்த லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே பொருளால் செய்த மாதிரி ஆக்கிவிடுகிறது. புல் தண்ணீராகத் தெரிகிறது, தண்ணீர் மரப்பட்டையாகத் தெரிகிறது. லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரை, சுருக்கி எடுத்துப் பார்.

நல்ல படமா, மோசமா என்ற பேச்சே இதில் கிடையாது. தாளில் என்ன நடந்திருக்கிறது, எதனால், நாளைக்குக் கை என்ன செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். 1915இல் ஸ்ட்ராண்ட் கொண்டுபோன படங்களுக்கு மறு வருடமே ஸ்டீக்லிட்ஸ் கண்காட்சி வைத்தார். 1917இல் வந்த, ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘கேமரா வொர்க்’ பத்திரிகையின் கடைசி இதழின் படங்கள் முழுக்க ஸ்ட்ராண்டுடையவை.

உங்கள் ஏழாவது படத்துக்கு வருகிறேன். முன்னால் பாத்தி, பின்னால் வரிசையாக உப்பு அம்பாரங்கள், மேலே மேகம். வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் பாலாகிவிட்டது, மேகமும் பால். எடிட்டிங்கில் வெளிச்சத்தை ஏற்றியதில் உப்பும் அப்படியே ஆகிவிட்டது. கல்லுப்பின் சொரசொரப்பு எங்கே போயிற்று? அம்பாரத்தை மூடியிருக்கும் பனையோலை ஒன்றுதான் தானாக இருக்கிறது, என் கண் போய் நின்றதும் அங்கேதான். நடுவில் ஓடும் அடிவானம் எனக்கு உறுத்தவே இல்லை. வானமும் பாத்தியும் சரிசமமாக நிற்கிற படத்தில் அது வேறு எங்கே வரும்? அதே இடத்தை வெயில் சாயும்போது, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான்காவதில் பலகையால் உப்பு வாரும் பெண்ணை முழு நிழலாக்கியிருக்கிறீர்கள். பார்த்தவுடன் அழகு. கொஞ்ச நேரம் பார்த்தால் சங்கடம். அவர் உப்பைக் குவிக்கிறாரா, பாத்தியைச் சமன் செய்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. இதை என்னைவிட, அளத்தில் வேலை செய்பவர் யாரிடமாவது காட்டுங்கள். அவர்கள் காம்போசிஷன் பற்றிப் பேசமாட்டார்கள், ஆனால் படத்தில் என்ன வேலை நடக்கிறது, அல்லது நடக்கவில்லை என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

யாரிடம் காட்டினாலும் ஃபோனில் காட்டாதீர்கள். ஏ4 அளவில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். தலைப்பு, எடுத்த கதை எதுவும் வேண்டாம். விடியற்காலை எழுந்து போன கஷ்டம் படத்தில் இல்லை. ‘கண்ணு முதல்ல எங்க போச்சு?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். இரண்டு பேர் போதும், ஆனால் வருடக்கணக்காக அதே இரண்டு பேராக இருக்கட்டும்.

பிள்ளைகளிடமும் இதைத் திருப்பிப் போடுங்கள். கண்ணில் பட்டதைச் சொல்லி, ‘அதை நினைச்சுத்தான் எடுத்தியாப்பா?’ என்று கேளுங்கள். ‘நானா இருந்தா’ என்று தொடங்கினீர்களோ, அது உங்கள் படமாகிவிடும். குறையைக் குழுவில் எல்லோர் முன்னாலும் போட வேண்டாம். பாராட்டைக் குழுவிலேயே போடுங்கள், ஆனால் ‘செம’வோடு நிறுத்தாமல் எது செம என்று ஒரு வரி சேருங்கள்.

மற்ற படங்களில் ஐந்து ஒரே படம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு நாலைத் தள்ளுங்கள். எது என்று நான் சொல்லப்போவதில்லை. ஏழாவதை மறுபடி எடுத்தால் மின்னஞ்சலில் வேண்டாம், மேட் தாளில் அச்சிட்டுத் தபாலில் அனுப்புங்கள். முகவரி தனியாக எழுதுகிறேன்.